வெட்டவா, விட்டு வைக்கவா?



நெடுநாள் பூத்த செடி ஒன்று நோயுற்று நின்றால் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும். "இனி இதனால் பயனில்லை, பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்று வைப்போம்" என்பது ஒரு கட்சி. "இத்தனை காலம் பூத்த செடி, கை வைக்க மனம் வரவில்லை" என்பது மற்றொரு கட்சி. முன்னது பெரும்பாலும் இளையோருடையது, பின்னது முதியோருடையது. இரண்டிலும் நியாயம் உண்டு; இரண்டிலும் குறையும் உண்டு. முதற் கட்சி நோய் யாதென்று பாராமலே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றது. இரண்டாம் கட்சியோ தீர்ப்பும் சொல்வதில்லை, மருந்தும் இடுவதில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கின்றது.

இவ்விரு குரல்களையும் நம் ஆண்டவர் அறிந்திருந்தார். லூக்காஸ் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் அவர் கூறிய அத்திமர உவமையை நினைவுகூருங்கள். திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம் நிற்கின்றது. உரிமையாளர் மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்து ஏமாந்து போகின்றார். நிலத்தை வீணாக அடைத்துக்கொண்டு நிற்கும் மரத்தை வெட்டச் சொல்லுகின்றார். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கின்றார்.

இவ்வுவமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வோர் தோட்டக்காரருடைய இரக்கத்தைப் பாராட்டுவது வழக்கம். அது சரியே. ஆயினும் அவர் கேட்டது என்ன என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மரத்தைச் சும்மா விட்டுவிடும்படி அவர் கேட்கவில்லை. முதலாவது, தவணைக்கு எல்லை குறிக்கின்றார். அஃது ஓர் ஆண்டு. இரண்டாவது, அந்த ஓராண்டில் தாம் செய்யப்போகும் வேலையைக் கூறுகின்றார். சுற்றிலும் கொத்துவார், எரு இடுவார். மூன்றாவது, அதற்குப் பின்னும் கனி தராவிடில் வெட்டுவதற்கு இசைகின்றார். இரக்கம் என்று நாம் சொல்வது இம்மூன்றும் சேர்ந்ததே. மண்வெட்டியைத் தொடாத இரக்கம் தோட்டத்துக்கு உதவாது.

ஒரு பன்னீர் ரோஜாவின் வழக்கு

இதனை இம்மாதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாக்கத்தில், ஊரின் பழைய பகுதியில் வாழும் ஒரு குடும்பத்தில் இதே வழக்கு எழுந்தது. வீட்டின் பின்புறம் மாதா சுரூபத்துக்கு அருகே ஒரு பன்னீர் ரோஜாச் செடி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்று வந்தது. மணமாகி வந்த புதிதில் அவ்வீட்டுத் தாய் வைத்த செடி அது. அந்தத் தாய் இன்று இல்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் அச்செடியில் பறித்த ஒரு பூவை மாதாவின் பாதத்தில் வைப்பதை அவருடைய கணவர் நிறுத்தவில்லை.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வந்ததை நம் பகுதியினர் எளிதில் மறக்கமாட்டார்கள். பெரும்பாக்கமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்ந்த பூமி. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அச்சதுப்பு நிலம், சுற்றிலுமுள்ள ஏரிகளின் வடிகால். நீர் தங்குவதற்கென்று இயற்கை வகுத்த இடத்தில் நாம் வீடு கட்டியிருக்கின்றோம். ஆகவே மழை மிகுந்தால் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்துவிடுகின்றது. அவ்வீட்டிலும் நீர் நாட்கணக்கில் நின்றது. வடிந்த பின் செடியின் கிளைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றி மஞ்சளித்து உதிர்ந்தன. அருகே தொட்டிகளில் இருந்த மருமகளின் புது ரோஜாக்களிலும் அதே புள்ளிகள் தென்பட்டன.

"நோய் பிடித்த செடி, ஃபாதர்; இதை வைத்துக்கொண்டு மற்றவற்றையும் இழக்க வேண்டுமா?" என்று கேட்டார் மகன். தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அது அவள் வைத்த செடி, சாமி" என்று மட்டும் சொன்னார்.

மகன் பேசியது செடியைப் பற்றி. தந்தை பேசியது செடியைப் பற்றியன்று. இதனை உணராமல் தீர்ப்புச் சொல்வோர் இருவரையும் புண்படுத்திவிடுவர். ஆயினும் செடியின் கேள்விக்குச் செடியைப் பார்த்தே விடை காண வேண்டும். ஆகவே நாற்றுப்பண்ணையில் நெடுங்காலம் உழைத்த ஒரு தோட்டக்காரரை அழைத்துவரச் சொன்னேன். அவர் செய்தவற்றையும், அவற்றின் காரணங்களையும் கூறுவது ரோஜா வளர்க்கும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும்.

முதலில் நோய் எது?

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்குக் கூறும் ஒழுங்கு செடிக்கும் பொருந்தும். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தீர்க்கும் வழியை அறிந்து, பின்னரே மருந்திட வேண்டும் என்பது அவர் கருத்து. நோயாளியின் வலிமையையும், நோயின் முதிர்ச்சியையும், காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் அடுத்த குறளில் சொல்லுகின்றார். நம்மில் பலர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, கடைக்குச் சென்று மருந்தை வாங்கியபின் நோயைத் தேடுகின்றோம்.

தோட்டக்காரர் முதலில் கிளைகளின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. பழுப்பு தெரிந்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது. நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வந்தால் உயிர் எங்கே தொடங்குகின்றது என்பது தெரியும். பிறகு அடித்தண்டைச் சுற்றி மண்ணை விலக்கி வேரைப் பார்த்தார். வெளிறிய, உறுதியான வேர் நல்லது. கருத்து, நசுக்கினால் தோல் கழன்று வரும் வேர் அழுகியது. நீர் தேங்கிய மண்ணில் காற்றுக்கு இடமில்லை. மூச்சில்லாமல் மெல்லிய வேர்கள் முதலில் மடிகின்றன. மடிந்த வேரின் வழியே பூஞ்சணம் நுழைகின்றது. மேலே கிளை கருகியதைக் கண்டு மருந்து தெளிக்கும் நாம், கீழே வேர் அழுகியதை அறிவதில்லை.

நம் வீட்டு ரோஜாக்களுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை தீர்க்கக்கூடியவை. இலையில் வட்டமான கரும்புள்ளி தோன்றி, சுற்றிலும் மஞ்சளாகி உதிர்வது கரும்புள்ளி நோய். இலை பல மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அப்பூஞ்சணம் முளைக்கும். ஆகவே மாலையில் இலைமேல் நீர் தெளிப்பதை நிறுத்தி, காலையில் அடியில் மட்டும் ஊற்றினாலே பாதி நோய் குறையும். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அழித்துவிட வேண்டும். அவற்றிலிருந்துதான் நோய் மீண்டும் ஏறுகின்றது. இளந்தளிரில் வெண்ணீறு பூசியதுபோல் தோன்றுவது சாம்பல் நோய். முற்றிய தண்டில் பொருக்குப்போல் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுவது செதில் பூச்சி. பராமரிப்பு இல்லாத பழைய செடிகளில் இது மிகுதி. மிகவும் பற்றிய கிளையை வெட்டி எரித்து, எஞ்சியதைப் பஞ்சினால் துடைத்தெடுக்கலாம்.

கிளைகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்குவது நுனிக்கருகல் நோய். வயதான செடிகளையும், கவாத்துச் செய்தபின் வெட்டுவாயைக் கவனியாது விட்ட செடிகளையும் இது பற்றும். இதற்கு மருந்தைவிடக் கத்தரியே முக்கியம். கருகிய பகுதியோடு நிறுத்தாமல், அதற்குக் கீழே நல்ல பச்சைத் தண்டில் சில விரற்கடை தள்ளி வெட்ட வேண்டும். வெட்டுவாயின் நடுவில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் கீழே வெட்ட வேண்டும். நோயுள்ள கிளையில் ஒரு சிறிது விட்டு வைத்தாலும், இரக்கத்தினால் விட்ட அந்தச் சிறிதே முழுச்செடியையும் கொண்டுபோய்விடும். ஒரு செடியை வெட்டிய கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த செடியில் வைக்கலாகாது.

திராட்சைத் தோட்டம் தந்த மருந்து

வெட்டுவாயில் பூசுவதற்கும் இலைகளில் தெளிப்பதற்கும் நம் உழவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் போர்டோக் கலவையின் வரலாறு சுவையானது. பிரான்சு நாட்டில் போர்டோ நகரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில், வழிப்போக்கர் கனியைத் திருடாதிருக்க, பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைப்பார்களாம். கண்ணுக்கு நஞ்சுபோல் தோன்றினால் யாரும் தொடமாட்டார்கள் அல்லவா? 1882-ல் மில்லார்தே என்னும் தாவரவியல் பேராசிரியர் அவ்வழியே சென்றபோது, தோட்டத்தின் உட்புறக் கொடிகள் பூஞ்சண நோயால் இலையுதிர்த்து நிற்க, பூச்சுப் பெற்ற பாதையோரக் கொடிகள் மட்டும் பசுமையாக இருப்பதைக் கண்டார். ஆராய்ந்து 1885-ல் அதனை உலகுக்கு அறிவித்தார். திருடனுக்காகப் பூசியது திராட்சைக்கு மருந்தாயிற்று.

வீட்டளவில் இதனைச் செய்வது கடினமன்று. பத்துக் கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரில் கரைத்துக்கொள்க. பத்துக் கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறொரு பாத்திரத்தில் நீர்த்து, அரை லிட்டர் நீரில் கரைத்துக்கொள்க. இரும்புப் பாத்திரம் ஆகாது. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் ஏற்றது. மயில்துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குக. பளபளப்பான இரும்புக் கத்தியைச் சற்றுநேரம் அதில் நனைத்துப் பார்க்கும்போது செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்பது பொருள். இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். கலவையை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வெட்டுவாயில் பூசுவதற்கு நீரைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் குழம்பாக்கிக்கொள்ளலாம். மருந்து தெளித்த செடியின் பூவைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குல்கந்து செய்யவும் அதனை எடுக்கலாகாது.

மருந்தில்லா நோய்

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்று நினைப்பது பக்தியன்று, அறியாமை. இலைகளில் மஞ்சள் தேமல் படரும் நச்சுயிரி நோய் ஒருமுறை செடிக்குள் புகுந்தால் வெளியேறுவதில்லை. அச்செடியிலிருந்து எடுக்கும் போத்திலும் ஒட்டிலும் அது கூடவே செல்லும். அடித்தண்டிலும் வேரிலும் கழலை கழலையாக வீங்கும் பாக்டீரியா நோயும் அத்தகையதே. கழலையை அறுத்தாலும் கிருமி மண்ணில் தங்கிவிடும். வேர் முழுவதும் அழுகிய செடியையும் எவராலும் காப்பாற்ற இயலாது. இவற்றை வேரோடு பெயர்த்து எரித்துவிட வேண்டும்.

அகற்றத் தயங்கினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. பழனி மலையின் விருப்பாட்சி வாழை புகழ்பெற்றது. 1970-களில் முடிக்கொத்து நோய் அம்மலைத் தோட்டங்களில் பரவி, அவ்வினத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. அசுவினி என்னும் சிறு பூச்சி நோயுற்ற மரத்தின் சாற்றைக் குடித்து அடுத்த மரத்துக்கு நச்சுயிரியைச் சுமந்து செல்லும். நோயுற்ற வாழையைக் கிழங்கோடு பெயர்த்து அழிப்பதன்றி வேறு வழியில்லை. தன் தோட்டத்து மரத்தின்மேல் ஒருவன் வைத்த தயவு, அண்டைத் தோட்டங்களின் அழிவாக முடியக்கூடும். பின்னர் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உண்டாக்கித்தான் அவ்வாழையை மீட்கும் முயற்சி நடந்தது. மகன் சொன்னதில் நியாயம் உண்டு என்றேனே, அந்த நியாயம் இதுதான்.

ஒரு செடியை அகற்றிய குழியிலேயே உடனே புது ரோஜாவை நடுவதும் தவறு. பழைய ரோஜா நின்ற மண்ணில் புது ரோஜா தேறாமல் சோம்பி நிற்பதை வளர்ப்போர் அறிவர். இடத்தை மாற்றுவது நல்லது. இயலாவிடில் ஒன்றரை அடி நீள அகல ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு வேறு மண்ணும் மக்கிய எருவும் இட்டு நட வேண்டும். கழலை நோய் கண்ட குழியில் ரோஜாவே வேண்டாம்.

ஒட்டுச்செடியும் தன்வேர்ச் செடியும்

தோட்டக்காரர் கேட்ட அடுத்த கேள்வி இது: "இது போத்து வைத்து வந்ததா, ஒட்டுச்செடியா?" கேள்வியின் பொருளை அங்கிருந்தோர் முதலில் உணரவில்லை. நாற்றுப்பண்ணையில் நாம் வாங்கும் பெரிய பூ ரோஜாக்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். வேர் காட்டு ரோஜாவினுடையது, மேலே பூப்பது வேறு இனம். ஒட்டுப்பகுதிக்கு மேலே எல்லாம் செத்தபின் அடியிலிருந்து துளிர்க்கும் கிளை காட்டு ரோஜாவே. செடி பிழைத்துவிட்டது என்று நாம் மகிழ்வோம்; ஆனால் நாம் விரும்பிய ரோஜா எப்போதோ இறந்திருக்கும். நம் வீடுகளிலுள்ள பன்னீர் ரோஜாவோ பெரும்பாலும் போத்திலிருந்து தன் வேரிலேயே வளர்ந்தது. அதனைத் தரைவரை வெட்டினாலும், வேர் நலமாயிருந்தால் துளிர்ப்பது அதே பன்னீர் ரோஜாதான்.

இதற்கு உலகறிந்த சான்று ஜெர்மனியிலுள்ள ஹில்டெஸ்ஹைம் நகரப் பேராலயத்தில் இருக்கின்றது. அப்பேராலயத்தின் பின்புறச் சுவரில் பத்து மீட்டர் உயரத்துக்குப் படர்ந்திருக்கும் காட்டு ரோஜாவை 'ஆயிரமாண்டு ரோஜா' என்று அழைக்கின்றனர். 815-ல் பக்திமானான லூயி பேரரசன் அம்மறைமாவட்டத்தை நிறுவியதோடு இச்செடியைச் சேர்த்துப் பேசுகின்றது மரபுக் கதை. வேட்டைக்கு வந்த இடத்தில், தேவ அன்னையின் திருப்பண்டம் அடங்கிய பேழையை ஒரு ரோஜாக் கிளையில் மாட்டி வைத்தான் என்றும், பிறகு அதனை எடுக்க முயன்றபோது கிளை விடவில்லை என்றும், ஆகவே அங்கேயே கோயில் எழுப்பினான் என்றும் அக்கதை கூறும்.

கதை எவ்வாறாயினும் 1945-ல் நடந்தது வரலாறு. அவ்வாண்டு மார்ச் 22-ஆம் நாள் விமானங்கள் வீசிய குண்டுகளால் நகரமும் பேராலயமும் எரிந்து வீழ்ந்தன. ரோஜாவும் கருகி இடிபாடுகளின் கீழ்ப் புதைந்தது. அன்று அதனைப் பார்த்தவர் எவரும் முடிந்தது என்றே எண்ணியிருப்பர். ஆனால் சில வாரங்களில் இடிபாடுகளுக்கிடையே 25 புதுத் துளிர்கள் எழுந்தன. 1947-ல் 122 பூக்கள் பூத்தன. ஆலயத்தை மனிதர் திரும்பக் கட்ட ஆண்டுகள் பல ஆயின. செடி அதற்குமுன் எழுந்துவிட்டது. மேலே எரிந்ததேயன்றி வேர் எரியவில்லை. வெட்டுண்ட மரத்துக்கும் நம்பிக்கை உண்டு, நீரின் மணம் பட்டதும் துளிர்க்கும் என்று பழைய ஏற்பாட்டில் யோபு கூறுவது வெறும் அலங்காரமன்று.

நம் நாட்டிலும் இதனையொத்த காட்சி உண்டு. கல்கத்தாவை அடுத்த ஹௌராவின் தாவரவியல் தோட்டத்துப் பேராலமரம் 1864-லும் 1867-லும் வீசிய புயல்களில் அடிபட்டது. காயத்தின் வழியே பூஞ்சணம் புகுந்து, தாய்த்தண்டு அழுகலாயிற்று. 1925-ல் அத்தண்டையே வெட்டி அகற்றினர். அகற்றியதனால்தான் எஞ்சிய விழுதுகள் பிழைத்தன. நடுத்தண்டில்லாத அம்மரம் இன்றும் ஒரு காடுபோல் பரந்து நிற்கின்றது. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரமும் 1989-ல் புயலில் தாய்த்தண்டை இழந்து, விழுதுகளால் வாழ்கின்றது. ஆகவே வெட்டுவது வேறு, காப்பது வேறு என்று எப்போதும் எண்ண வேண்டாம். காப்பதற்காகவே வெட்டுவதும் உண்டு. கனி தரும் கொடியையும் தந்தை கழித்து விடுகின்றார் என்று அருளப்பர் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறியதும் இதுவே.

தீர்ப்பு

பெரும்பாக்கத்துச் செடியின் வேரில் ஒருபுறம் அழுகியிருந்தது, மறுபுறம் நலமாயிருந்தது. தேமலோ கழலையோ இல்லை. தோட்டக்காரர் சொன்ன வழி எளியது. மழை முற்றும் ஓய்ந்தபின் செடியை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டுவது. அழுகிய வேரை நீக்குவது. நீர் வடியுமாறு மணலும் எருவும் கலந்து மண்ணை உயர்த்துவது. தொட்டிச் செடிகளைச் சிறிது தள்ளி வைப்பது. நலமான ஒரு கிளையிலிருந்து சில போத்துகளை எடுத்து வேறு மண்ணில் ஊன்றுவது. அடுத்த மழைக்காலம்வரை காத்திருப்பது. அதற்குள் தேறாவிடில் பெயர்த்துவிடுவது. தந்தையும் மகனும் இதற்கு உடன்பட்டனர். எல்லை குறித்ததால் மகனுக்கு அமைதி. வேலை கிடைத்ததால் தந்தைக்கு ஆறுதல். நாள்தோறும் நீரூற்றியவர் தந்தை. மண் சுமந்தவர் மகன்.

ஐந்து போத்துகளில் இரண்டு வேர் பிடித்தன. பழைய அடித்தண்டும் ஒரு பக்கம் துளிர்த்தது. மே மாத வணக்கத்துக்கு இரண்டு மூன்று பூக்களும் தந்தது. ஆயினும் அடுத்த மழைக்குப்பின் அதுவும் கருகிவிட்டது. அந்தத் தந்தையே மண்வெட்டியை எடுத்து அதனைப் பெயர்த்தார். "என்னால் ஆனதைச் செய்துவிட்டேன், சாமி, இனி மனத்தில் குறையில்லை" என்றார். முதல் நாளே பிறர் பிடுங்கியிருந்தால் அவர் மனத்தில் அந்தக் குழி நெடுநாள் தூர்ந்திராது. பிடுங்காமலே விட்டிருந்தால் தொட்டிச் செடிகளும் போயிருக்கும். தந்தைக்கும் மகனுக்கும் இடையே பேச்சும் குறைந்திருக்கும்.

மனிதன் செடியல்லன்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. முதுமையும் நோயும் பற்றிய பேச்சில் சிலர் செடிக்குரிய அளவுகோலை மனிதருக்கும் எடுத்துவிடுகின்றனர். "இனிப் பயன் என்ன? எல்லாருக்கும் பாரந்தானே?" என்று படுக்கையிலிருக்கும் பெற்றோரைப் பற்றிப் பேசுவது நம் கத்தோலிக்க இல்லங்களிலும் கேட்கின்றது. நம் தென்மாவட்டங்கள் சிலவற்றில் தலைக்கூத்தல் என்ற பெயரால், நோயுற்ற முதியோருக்கு எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் புகட்டி உயிரைப் போக்கும் கொடிய வழக்கம் இருந்து வந்திருப்பதையும் நாம் அறிவோம். அதனைக் கருணை என்று சொல்லிக்கொண்டாலும் அது கொலையே. செடியின் மதிப்பு அது தரும் பூவில் இருக்கலாம். மனிதனின் மதிப்பு அவன் தரும் பயனில் இல்லை. இறைவனின் சாயலாய் இருப்பதில் இருக்கின்றது. அவனை 'அகற்றும்' கேள்விக்கே இடமில்லை.

அதே சமயம், எல்லா மருத்துவ முயற்சிகளையும் கடைசி மூச்சுவரை திணித்தே தீர வேண்டும் என்றும் திருச்சபை கட்டளையிடவில்லை. 1957-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையிலும், 1980-ல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கையிலும் இது தெளிவாக்கப்பட்டுள்ளது. பயனுக்கு மிஞ்சிய துன்பமும் சுமையும் தரும் சிகிச்சையை வேண்டாமென மறுப்பது பாவமன்று. ஆனால் உயிரைப் போக்கும் நோக்கத்தோடு எதையும் செய்வதும், நோயாளிக்குரிய சாதாரணப் பராமரிப்பை நிறுத்துவதும் பாவம். சிகிச்சை பலனற்றுப் போன பின்னும் செய்வதற்கு நிறைய உண்டு: நீர் கொடுப்பது, உடலைத் துடைப்பது, அருகே அமர்ந்து ஜெபமாலை சொல்வது, வேளையோடு குருவை அழைத்து நோயில்பூசுதலும் நற்கருணையும் பெறச் செய்வது. கடைசி நேரத்தில் ஓடிவந்து அழைக்காதீர்கள். நோயாளி சுயநினைவோடு இருக்கும்போதே அழையுங்கள்.

அவ்வாறாயின் குடும்பத்தில் வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. அகற்ற வேண்டியவை மனிதர்களல்ல, அவர்களைப் பற்றிய நோய்கள். குடிகாரக் கணவனைக் கைவிடலாகாது. வீட்டில் ஒளித்து வைத்த பாட்டிலை விட்டு வைக்கவும் ஆகாது. சொத்துப் பிரிவினையில் மூண்ட பகையைச் சிறிது மிச்சம் வைத்துச் சமாதானம் பேசினால், நுனிக்கருகல் நோய்போல் அது கீழிறங்கிக்கொண்டே வரும். பச்சைத் தண்டு தெரியும்வரை வெட்டிவிட வேண்டும். மாறாக, தளர்ந்துபோன குடும்ப ஜெபம், நின்றுபோன உறவு வருகை, பேச்சற்றுப்போன தாம்பத்தியம் ஆகியவற்றை "இனி அவ்வளவுதான்" என்று அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். அவற்றில் மேலே கருகியிருப்பதேயன்றி வேர் சாகாமல் இருக்கக்கூடும். ஓராண்டு தவணை கொடுத்துச் சுற்றிலும் கொத்தி எருவிட்டுப் பாருங்கள்.

ஆண்டவர் கூறிய உவமையில் அத்திமரம் அடுத்த ஆண்டு காய்த்ததா என்று சொல்லப்படவில்லை. அது முடிவு பெறாமல் நிற்பதற்குக் காரணம், அந்த ஓராண்டு நமக்குத் தரப்பட்டிருப்பதே. நாம் ஒவ்வொருவரும் யாரோ ஒருவர் நமக்காகக் கேட்டுப் பெற்ற தவணையில் வாழ்கின்றோம். அந்தத் தோட்டக்காரர் நம் ஆண்டவரே. ஆகவே பிறருக்குத் தவணை கொடுக்க மறுக்கும்போது, நமக்குக் கிடைத்ததை எண்ணிப் பார்ப்போமாக.

மழைக்காலம் நெருங்குமுன் உங்கள் வீட்டுச் செடிகளின் அடியில் நீர் வடிய வழி செய்யுங்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அழியுங்கள். கத்தரியைத் துடைத்து வையுங்கள். செடியைப் பார்க்கும்போது வீட்டில் படுத்திருக்கும் முதியவர்களையும் ஒருமுறை சென்று பாருங்கள். நோயுற்றோரின் ஆரோக்கியமான தேவ அன்னை உங்கள் இல்லங்களுக்குத் துணையிருப்பாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.